புதிய குடியுரிமை கிடைத்ததும் பழையது தானாகவே நீங்கிவிடுமா?

இதற்குப் பொதுவான விடை கிடையாது; ஏனெனில் பழைய குடியுரிமை நீடிக்கிறதா என்பதை அதை வழங்கிய நாட்டின் சட்டமே முடிவுசெய்கிறது, புதிய நாடு அன்று. ஜப்பானியர் ஒருவர் தாமாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால், ஜப்பானியச் சட்டப்படி அவர் தம் குடியுரிமையை உடனே இழக்கிறார். அர்ஜென்டினாவிலோ, பிறப்பால் குடிமகனானவர் அதைத் துறக்கவே இயலாது.

அமெரிக்கக் குடியுரிமை பெறும்போது எடுக்கும் உறுதிமொழியில் முந்தைய நாட்டுப் பற்றைத் துறப்பதாகச் சொல்லும் வாசகம் உண்டு. ஆயினும் பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றிதழ் எதுவும் கேட்கப்படுவதில்லை என்பதால், அந்த வாசகத்தை மட்டும் வைத்துப் பழைய குடியுரிமை போய்விட்டது என்று கருதுவது, பலர் செய்யும் பிழை. ஜெர்மனி முன்பு பெரும்பாலானோரிடம் துறப்பைக் கோரியது. 2024 ஜூன் 27 முதல் அந்த நிபந்தனை இல்லை.

துறப்பு கட்டாயமாக உள்ள இடங்களில் வரிசைமுறை மிக முக்கியம். புதியது உறுதியாகும் முன்பே பழையதை விட்டுவிட்டு, பின்னர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஒருவர் நாடற்றவராகிவிடக்கூடும். நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, வேறு குடியுரிமை இல்லாதவரின் துறப்பு செல்லாதபடி பார்த்துக்கொள்ளச் சொல்கிறது; ஆனால் அதில் சேராத நாடுகளும் உள்ளன. எனவே, குடியுரிமை வழங்கப்படும் என்ற எழுத்துபூர்வ உறுதியைப் புதிய நாட்டிடம் பெற்ற பின்னரே துறப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள்.