குழந்தைக்கான கார் சீட்: பழசைப் போடலாமா?

தஞ்சாவூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். கார் சீட் பொருத்தித் தரச் சொல்லி வருகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

திருவாரூர் தம்பி: அண்ணே, சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் அண்ணன் தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த சீட்டை அனுப்பியிருக்கிறார். அடியில் 2013 என்று இருக்கிறது. புதுசு மாதிரிதான் தெரிகிறது.

வேண்டாம் தம்பி. பெரும்பாலான கம்பெனிகள் தயாரித்த நாளிலிருந்து 6 முதல் 10 வருடம் வரைதான் சீட்டுக்கு ஆயுள் சொல்கின்றன. அடியிலோ பின்பக்கத்திலோ ஸ்டிக்கர் இருக்கும், அல்லது பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். பூட்டிய கார் வெயிலில் நின்றால் உள்ளே எப்படிக் கொதிக்கும் என்று நமக்குத் தெரியும். வருடக்கணக்கில் அந்தச் சூடு பட்ட பிளாஸ்டிக் உள்ளுக்குள் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. துணி உறையைத் துவைத்துப் போட்டால் எந்தச் சீட்டும் புதுசாகத்தான் தெரியும். வாரையும் சோப்பில் ஊறவைத்துத் துவைத்திருந்தால் அதன் பலமும் குறைந்திருக்கும். புதிதாக வாங்கும்போது ஏஐஎஸ் 072 (இந்தியப் பாதுகாப்புத் தரம்) அல்லது ஆர்129 (ஐ.நா. பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்129-க்கு முந்தைய தரமான பழைய ஆர்44 சீட்டுகளை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பரோடு கடைகளில் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கும்பகோணம் அம்மா: பேரனை நான் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். போதாதா?

போதாதும்மா. கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதி, அரை மீட்டருக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ குழந்தை அந்த நொடியில் ஏறக்குறைய 200 கிலோ மூட்டை மாதிரி முன்னால் இழுக்கும். யார் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. சாலையில் நெல் காயப்போடுகிற ஊர் நம்முடையது, திடீர் பிரேக் தினமும் உண்டு. சட்டத்திலும் இருக்கிறது: 14 வயதுக்குள் உள்ள பிள்ளை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம்.

மன்னார்குடி அக்கா: 13 மாதக் குழந்தை. பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தால் கால் மடங்குகிறது. முன்பக்கம் திருப்பிவிடலாமா?

கால் மடங்கட்டும் அக்கா, அதனால் ஒன்றுமில்லை. கழுத்துதான் முக்கியம். இந்த வயதில் உடம்புக்குத் தலை பெரிது, கழுத்து எலும்பு இன்னும் முழுதாக உறுதிப்படவில்லை. பின்பார்த்த சீட்டில் மோதலின் வேகத்தை முதுகு முழுதும் வாங்கிக்கொள்ளும். ஆர்129 விதி 15 மாதத்துக்கு முன் திருப்பவே விடுவதில்லை. சீட்டில் எழுதியிருக்கும் உயரமும் எடையும் இடம் கொடுக்கும் வரை அப்படியே வைத்திருங்கள். முன் இருக்கையின் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால், அங்கே மட்டும் இதை வைக்கவே கூடாது.

மயிலாடுதுறை: டிராக்டர் டிரெய்லரில் லேசாக இடித்தது. சீட்டை மாற்ற வேண்டுமா?

முதலில் சீட்டோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். எந்த விபத்துக்குப் பிறகும் மாற்றச் சொல்லும் கம்பெனிகள் உண்டு. அப்படிச் சொல்லவில்லை என்றால், அதே சீட்டை வைத்துக்கொள்ள வண்டி தானே ஓடி வீடு வந்திருக்க வேண்டும், சீட்டுக்குப் பக்கத்துக் கதவு நசுங்கியிருக்கக் கூடாது, யாருக்கும் காயம் இருக்கக் கூடாது, ஏர்பேக் விரிந்திருக்கக் கூடாது, சீட்டில் கீறல் விரிசல் தெரியக் கூடாது. ஐந்தில் ஒன்று தவறினாலும் மாற்றிவிடுங்கள்.

நாகப்பட்டினம்: மழை வெள்ளத்தில் கார் முழுகியது. சீட்டைக் காயவைத்துவிட்டோம்.

வண்டல் பக்கிளுக்குள் போயிருக்கும். அது சரியாகப் பூட்டும் என்று நம்ப முடியாது. மாற்றிவிடுங்கள்.

தஞ்சாவூர்: 7 வயது மகள் "நான் என்ன பாப்பாவா" என்கிறாள்.

பூஸ்டர் போடுங்கள், அதாவது பிள்ளையை உயர்த்தி உட்காரவைத்துக் காரின் பெல்ட்டைச் சரியாகப் படியவைக்கும் சீட். பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பிலும் படிய ஏறக்குறைய 145 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள நடு இருக்கையில் பூஸ்டர் போடாதீர்கள்.

திருவாரூர் தம்பி: சரி அண்ணே, அந்தப் பழைய சீட்டைப் பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் தம்பி. அங்கேயும் ஒரு குழந்தைதான் உட்காரப் போகிறது. வாரை எல்லாம் கத்தரித்து, பிளாஸ்டிக்கின் மேல் மார்க்கரால் "உபயோகிக்காதே" என்று எழுதிப் பழைய சாமான் கடையில் போட்டுவிடுங்கள்.