கானா ஆல்பத்துக்கு கவர் டிசைன் பண்ண ஃபோட்டோஷாப் தெரிஞ்சா போதுமா?

ஃப்ரெண்டு பாடின கானா ஆல்பத்துக்கு கவர் பண்ணணும், ஃபோட்டோஷாப் ஓரளவு வரும், எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ஃபோட்டோலருந்து ஆரம்பிங்க, சாஃப்ட்வேரெல்லாம் அப்புறம்.

நான் தண்டையார்பேட்டைல ஒரு ஃப்ளெக்ஸ் கடைல எட்டு வருஷம் டிசைனரா இருந்தேன். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சி பேனர், எது வந்தாலும் மொத வேலை மூஞ்சிய வெளுக்கறதுதான், கஸ்டமர் கேக்கறதுக்கு முன்னாடியே கர்வ்ஸ தூக்கி ப்ளர் போட்டு மழமழன்னு ஆக்கிடுவோம். அந்தப் பழக்கத்தோடதான் மொத ஆல்பம் கவரும் பண்ணேன். புளியந்தோப்பு பையன், சாவு வீட்ல விடிய விடிய பாடியே பழுத்த குரல். "அண்ணா, நம்மள கொஞ்சம் கலராக்கி வுடுண்ணா"ன்னான், பின்னாடி நெருப்பு, மின்னல் எல்லாம் வேணும்னான், பண்ணிக் குடுத்தேன். அவங்கம்மா ஃபோன்ல பார்த்துட்டு "யாருப்பா இது"ன்னு கேட்டாங்க. அது எனக்கு ரொம்ப உறுத்திடுச்சு, காசு வேணாம்டா, திரும்ப பண்ணலாம்னு சொன்னேன்.

மறுநாள் விடிகாலைல காசிமேடு போனோம். நம்ம பக்கம் சூரியன் கடல்லருந்து வருது, அதனால கடல் பின்னாடி தெரியணும்னு நிக்க வச்சா காலைல மூஞ்சி கருகிப் போயிடும். அவனைக் கடலப் பார்த்து நிக்க வச்சு, நான் கடலுக்கு முதுகக் காட்டி நின்னேன், அவன் பின்னாடி கரைல ஏத்தி வச்ச ஃபைபர் போட்டு, அதாவது படகு, நல்ல நீலம். மீன் பெட்டியோட வெள்ளை தெர்மாகோல் மூடிய ஒருத்தர் இடுப்புகிட்ட புடிச்சாரு, தாடைக்குக் கீழ இருந்த நிழல் அப்படியே எழுந்து வந்துச்சு. கருப்புத் தோலுக்கு வெளிச்சம்தான் வேணும், வெள்ளை பெயிண்ட் வேணாம், காலை வெயில் பட்டு கன்னத்துல வர்ற அந்த பளபளப்ப எந்த ஃபில்டராலயும் கொண்டு வர முடியாது. போட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டு எடுங்க, போட்டு நம்பர ஹீலிங் ப்ரஷ்ல அழிச்சிடுங்க.

இனி எடிட்டிங். புது ஃபைல் 3000க்கு 3000 பிக்சல், கலர் ஆர்ஜிபி, அதாவது ஸ்க்ரீனுக்கான கலர் முறை. பாட்டு ஆப்புக்கெல்லாம் பொதுவா இந்த சதுரம்தான் கேப்பாங்க. ஃபோட்டோ மேல நேரா கை வைக்காம, கலரையும் வெளிச்சத்தையும் தனியா மாத்தற அட்ஜஸ்ட்மென்ட் லேயர மேல போட்டு வேலை பாருங்க, எரேசருக்கு பதிலா அழிக்காம மறைக்க மட்டும் செய்யற லேயர் மாஸ்க், நாளைக்கு மனசு மாறினா திரும்ப எடுக்கலாம். முகத்துக்கு நான் பண்றது ஒண்ணே ஒண்ணுதான், 50 சதவீத க்ரே நிரப்பின லேயர சாஃப்ட் லைட்ல வச்சு, கண்ணுகிட்ட வெளிச்சம் கூட்ட கொஞ்சம் டாட்ஜ், தாடை ஓரமா நிழல் கூட்ட கொஞ்சம் பர்ன். ஃபோட்டோஷாப் இல்லன்னா ஜிம்ப்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசம், லேயர் மாஸ்க், சாஃப்ட் லைட், டாட்ஜ், பர்ன் எல்லாம் அதுலயும் வரும்.

தமிழ் எழுத்துதான் நிறைய பேரு கோட்டை விடற இடம். பழைய வெர்ஷன்ல யூனிகோட்ல "கொ"ன்னு அடிச்சா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் சிதறி நிக்கும், டைப் செட்டிங்ல தெற்காசிய மொழிக்கான ஆப்ஷன போட்டா சரியாயிடும், அதத் தெரியாம எழுத்து உடைஞ்ச மாதிரியே ரிலீஸ் பண்ண கவர் நான் பார்த்திருக்கேன், வயிறு எரியும். கூகுள் ஃபான்ட்ல பலூ தம்பி 2 (Baloo Thambi 2) நல்லா குண்டா இருக்கும், கட்டமரன்னு (Catamaran) ஒண்ணு இருக்கு, நம்ம கட்டுமரம் பேருதான், ஒன்பது தடிமன்ல கிடைக்கும். டைட்டில் ரெண்டு வார்த்தைக்கு மேல போகாம பாருங்க, ஏன்னா லிஸ்ட்ல கவர் தபால்தலை அளவுதான் தெரியும். ஃபைல 100 பிக்சலுக்கு சுருக்கிப் பாருங்க, பேர் படிக்க வரலன்னா எழுத்து பத்தல.

கச்சேரி புக்கிங்குக்கு செல் நம்பர் போடச் சொல்லி பசங்க கேப்பாங்க, பேனர்ல அது பழக்கம். கவர்ல போடாதீங்க, ஃபோன் நம்பர், வெப்சைட் அட்ரஸ் இருந்தா ஆப்புக்கு அனுப்பற கம்பெனி திருப்பி அனுப்பிடுவாங்க. எங்களுக்கு அப்படி வந்து ரிலீஸ் தள்ளிப் போச்சு.

போஸ்டர் அடிக்கறதா இருந்தா, பேப்பர்ல அடிக்கற கலர் முறையான சிஎம்ஒய்கேவுக்கு தனி காப்பி எடுத்து ஒரு சாம்பிள் அடிச்சுப் பாருங்க. ஸ்க்ரீன்ல ஜொலிச்ச அந்த போட்டு நீலம் பேப்பர்ல மங்கிப் போச்சு, மூணு தடவை மாத்தி அடிச்சுதான் கிட்டத்தட்ட வந்துச்சு.