கேள்வி - பதில்: எண்ணிப் பெறச் சொன்ன அரசு

கேள்வி: ஒரே குழந்தைத் திட்டத்தால் 40 கோடிப் பிறப்புகளைத் தடுத்ததாகச் சீன அரசு சொல்கிறது. கசப்பு மருந்துதான், ஆனாலும் பலித்தது என்பதையாவது ஒப்புக்கொள்வீர்களா?
- வாசகர், விருதுநகர்

பதில்: மாட்டேன். மருந்து கொடுக்கும் முன்பே காய்ச்சல் பாதிக்கு இறங்கிவிட்டது. 1970-இல் சீனப் பெண் ஒருவருக்குச் சராசரியாக ஆறுக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகள். 1979-இல் மூன்றுக்கும் கீழே. தாமதமாக மணம் முடியுங்கள், இடைவெளி விடுங்கள், குறைவாகப் பெறுங்கள் என்று எழுபதுகளில் நடந்த இயக்கத்தின் பங்கு அதில் பெரிது. (அதிலும் வற்புறுத்தல் உண்டு, மறைப்பானேன்?) இத்தனைக்கும் பிறகுதான், 1980 செப்டம்பரில், கம்யூனிஸ்ட் கட்சி தன் உறுப்பினர்களுக்குத் திறந்த மடல் எழுதி, ஒன்றோடு நிறுத்தச் சொன்னது. கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவரான சாங் ஜியான், ஏவுகணைத் துறை விஞ்ஞானி. ஏவுகணைக்கு மாமியார் கிடையாது. வயலில் இறங்க அதற்கு ஆளும் வேண்டியதில்லை. 1983-இல் மட்டும் சுமார் 2 கோடிப் பேருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. ஐந்தில் நான்கு பேர் பெண்கள்.

ஷான்ஷி மாகாணத்தின் யிசெங் வட்டாரத்தில் 1985 முதல் சோதனையாக இரண்டு குழந்தைகளுக்கு அனுமதி தந்தார்கள். தாமதமாக மணம் முடித்து, இரண்டுக்கும் நடுவே சில ஆண்டுகள் விடவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அங்கே மக்கள்தொகை நாட்டுச் சராசரியைவிட மெதுவாகவே வளர்ந்தது. விடையைக் கையில் வைத்துக்கொண்டே முப்பது ஆண்டுகள் தவறான கணக்கைப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத கோபம்.

கேள்வி: பணக்காரர்களும் ஒன்றோடு நிறுத்தினார்களா?
- வாசகி, காரைக்குடி

பதில்: கூடுதல் குழந்தைக்கு 'சமூகப் பராமரிப்புக் கட்டணம்' என்ற பெயரில் 2021 வரை அபராதம் இருந்தது. திரைப்பட இயக்குநர் சாங் யிமோ மூன்று பிள்ளைகளுக்காக 2014-இல் சுமார் 75 லட்சம் யுவான் கட்டினார், விஷயம் முடிந்தது. கட்ட இயலாத விவசாயியின் பிள்ளைக்கோ பல ஊர்களில் குடும்பப் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாவிட்டால் பள்ளியில் இடம் கிடைப்பதும், அரசு மருத்துவ உதவி பெறுவதும், வளர்ந்தபின் ஒழுங்கான வேலையில் சேர்வதும் திண்டாட்டமாக இருந்தது. 2010 கணக்கெடுப்பில் இப்படிப் பதிவில்லாதவர்கள் சுமார் 1.3 கோடிப் பேர். அவர்களில் பாதிக்கு மேல் இந்தத் திட்டத்தால் விடுபட்டவர்கள். குற்றம் பெற்றவர்களுடையது என்று எழுதிவிட்டுத் தண்டத்தைப் பிள்ளையிடம் வசூலித்த விந்தை இது.

கேள்வி: எங்களுக்கு ஒரே மகள். 'நாளை உங்களை யார் பார்ப்பார்கள்?' என்று உறவினர்கள் துளைக்கிறார்கள். சீனாவின் ஒற்றைப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, ஒன்று போதும் என்பது நீங்கள் எடுத்த முடிவு. அங்கே அது அதிகாரி எடுத்த முடிவு. உறவினர்களிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

சீன நகரங்களில் ஒற்றை மகள்கள் பலர் நன்றாகவே வந்தார்கள். பங்குக்கு அண்ணன் தம்பி இல்லாததால் வீட்டுச் சேமிப்பு முழுவதும் அவர்கள் படிப்புக்குப் போயிற்று. கிராமத்துக் கதை வேறு. 1984-க்குப் பிறகு பல மாகாணங்களில், முதல் குழந்தை பெண்ணானால் இன்னொன்று பெறலாம் என்று தளர்த்தினார்கள். பெண் முழுக் கணக்கில் சேராதவள் என்று அரசே முத்திரை குத்தியது போலாயிற்று. ஸ்கேன் கருவியும் வந்து சேர, 2004 வாக்கில் 100 பெண் குழந்தைகளுக்கு 120 ஆண் குழந்தைகள் பிறந்தன. இன்று அந்தப் பையன்களைப் பெற்ற வீடுகள், பெண் வீட்டுக்குப் பரிசப் பணம் கொடுக்கக் கடன் வாங்குகின்றன.

2008 சிச்சுவான் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் இடிந்து, எத்தனையோ வீடுகளில் இருந்த ஒன்றும் போயிற்று. அவர்கள் மீண்டும் பெற அனுமதி உண்டு, கருத்தடையை மாற்றும் அறுவையும் இலவசம் என்றது அரசு. நாற்பதைத் தாண்டிய தாய் அந்த அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

உங்கள் கவலைக்கு வருகிறேன். மருமகனும் ஒற்றைப் பிள்ளையானால் இரண்டு பேர் நான்கு முதியவர்களைத் தாங்கவேண்டும். உங்கள் இருவர் பெயரிலும் இப்போதே மருத்துவக் காப்பீடும் ஓய்வுக்காலச் சேமிப்பும் இருக்கட்டும்.

கேள்வி: இப்போது மூன்று பெறலாம் என்று சொல்லியும் பெறவில்லையாமே?
- வாசகர், ஈரோடு

பதில்: 2016-இல் இரண்டு, 2021-இல் மூன்று என்று அனுமதி கூடியது. பிறப்புகளோ 2016-இல் சுமார் 1.79 கோடி, 2023-இல் 90 லட்சம். மூன்று வயது வரை ஆண்டுக்கு 3,600 யுவான் தருவதாக 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். ஷாங்காயில் அது ஒரு மாத வாடகைக்குக் காணுமா என்பதே சந்தேகம்.

கேள்வி: தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன?
- வாசகர், ஓசூர்

பதில்: எதற்கு? என் தாயார் பெற்றது ஒன்பது. பிழைத்தது நாங்கள் ஐவர். ஐவரில் ஒருவரும் இரண்டைத் தாண்டவில்லை. என் தங்கைகள் பள்ளியிறுதி வரை படித்தார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன, அதற்குமேல் யாரும் கட்டளையிடத் தேவைப்படவில்லை. இரண்டுக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்று முப்பது ஆண்டுகள் விதி வைத்திருந்த ஆந்திரம் 2024-இல் அதை நீக்கிவிட்டது. அங்கே முதலமைச்சரே இப்போது நிறையப் பெறச் சொல்கிறார்.