பாதுகாக்கப்பட்ட கிராமப்புறத்தில் தொல்லியல் ஆய்வைத் திட்டமிடும்போது எடுத்ததும் தோண்டலாமா?

கூடாது. ஒருமுறை கலைத்த மண்ணடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது.

இங்கிலாந்தில், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். 1986 முதல் உலகப் பாரம்பரியக் களம், ஆனாலும் அங்கே உழவும் மேய்ச்சலும் நடக்கின்றன. எனவே முதலில் பழைய பதிவுகள், வான்வழிப் படங்கள். அப்புறம் நிலக்காரரின் சம்மதம், பயிர் இல்லாத மாதம். அரசு பாதுகாப்புப் பட்டியலில் உள்ள சின்னம் என்றால், தொன்மைச் சின்னங்களுக்கான 1979 சட்டப்படி கருவி வைத்துத் தேடக்கூட முன் அனுமதி வேண்டும்.

சரி, அதற்குப் பிறகு காந்தமானியோடு (காந்தப்புலத்தை அளக்கும் கருவி) வயலில் வரிவரியாக நடப்பார்கள். சுண்ணப்பாறையில் வெட்டிய பள்ளத்தில் மேல்மண் நிரம்பியிருந்தால், காந்தத்தன்மை வேறுபட்டு, அளவீடுகளால் வரைந்த படத்தில் தனியாகத் தெரியும். ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் என்ற தொல்களத்தைச் சுற்றி 10 மீட்டருக்கும் அகலமான குழிகள் இருப்பதை 2020-இல் அறிவித்தார்கள். அவற்றை முழுதாகத் திறக்காமல், மெல்லிய குழாயை இறக்கி மண் மாதிரி எடுத்தார்கள். அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது.