சப்வூஃபர் சந்தேகங்கள்: பெட்டியை மாற்றும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை குறைந்த விலை சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியவை. எழுதிய பலரும் "இன்னும் பெரியதாக வாங்கிவிடட்டுமா?" என்றே முடித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பணத்தை எடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

கேள்வி: எங்கள் ஹால் 12 அடி நீளம், 10 அடி அகலம். டிவிக்குப் பக்கத்து மூலையில் சப்வூஃபர். சோபாவில் உட்கார்ந்தால் பேஸே இல்லை. சமையலறை வாசலில் நின்றால் நெஞ்சில் இடிக்கிறது. பெட்டி பழுதா?

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் சோபா ஹாலின் நடுவில் கிடக்கிறது என்று ஊகிக்கிறேன்.

ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 12 அடி என்பது ஏறக்குறைய 3.66 மீட்டர். இந்த நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 47 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி நிலையாக நின்றுவிடும். அப்போது சுவரோரம் அழுத்தம் மிகுதியாகவும், சரியாக நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமலும் இருக்கும். திரைப்படத்தில் இடி, வெடி, எஞ்சின் உறுமல் எல்லாம் இந்தப் பகுதியில்தான் நிறைய இருக்கின்றன. நடுவில் உட்கார்ந்தவருக்கு அது கேட்காது, வாசலோரம் நின்றவரை உலுக்கிவிடும். வால்யூமைக் கூட்டினால் வாசலில் இன்னும் அதிகமாகும், சோபாவில் பெரிய மாற்றம் வராது. நம் வீட்டுச் செங்கல், கான்கிரீட் சுவர்கள் தாழ்ந்த ஒலியை அதிகம் உள்ளிழுப்பதில்லை, திருப்பியே அனுப்புகின்றன. அதனால் இந்த மேடுபள்ளம் நம் அறைகளில் கூர்மையாகவே இருக்கும்.

முதலில் சோபாவை ஒன்றரை அடி பின்னால் தள்ளிப் பாருங்கள். பல வீடுகளில் இது மட்டுமே போதும். போதவில்லை என்றால் சோபாவைச் சற்று ஒதுக்கி, நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் சப்வூஃபரை வையுங்கள். பேஸ் கிட்டார் சீராக நடக்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு தரையில் தவழ்ந்தபடி, பெட்டியை வைக்கச் சாத்தியமான எல்லா இடங்களிலும் காதைத் தாழ்த்திக் கேளுங்கள். ஒரு இடத்தில் சில சுரங்கள் மட்டும் வீங்கும், இன்னொரு இடத்தில் சில சுரங்கள் காணாமல் போகும். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்ததும் அங்கே பெட்டியை வைத்துவிட்டுச் சோபாவில் போய் உட்காருங்கள். வீட்டார் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இவ்வளவு பலன் தரும் வேறு இலவச வேலை இந்தத் துறையில் எனக்குத் தெரியாது.

பெட்டியின் பின்பக்கம் காற்றுக்குழாய் இருந்தால் சுவருக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: ரிசீவரிலும் (எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் கருவி) கிராஸ்ஓவர், சப்வூஃபரின் பின்னாலும் கிராஸ்ஓவர் திருகு. இரண்டையும் 80 ஹெர்ட்ஸில் வைத்தேன். பேஸ் மெலிந்துவிட்டது.

எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் வடிகட்டிதான் கிராஸ்ஓவர். ஒரே வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டீர்கள். இரண்டு வடிகட்டிகள் அடுத்தடுத்து வந்ததால் 80க்குக் கீழேயே ஒலி சரியத் தொடங்கி, ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. சப்வூஃபர் திருகை அதன் உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். "எல்எஃப்இ" என்று, பெட்டியின் வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் தனித் துளை இருந்தால் கேபிளை அதில் செருகுங்கள். வடிகட்டும் பொறுப்பு ரிசீவருக்கு மட்டும் இருக்கட்டும்.

கூடவே ரிசீவர் மெனுவில் எல்லா ஸ்பீக்கர்களையும் "ஸ்மால்" என்று வையுங்கள். ஆளுயர டவர் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொல் மனத்தாங்கல் தரும். தாழ்ந்த ஒலியைச் சப்வூஃபருக்கு அனுப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. திரையரங்கு ஒலித் தரத்தை வகுக்கும் டிஹெச்எக்ஸ் நிறுவனம் பரிந்துரைக்கும் 80 ஹெர்ட்ஸ் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்குப் பொருந்தும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் என்றால் 120 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அப்போது ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது காதுக்குத் தெரியத் தொடங்கும். எனவே பெட்டியை டிவி பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படம் ஓடாதபோதும் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். எலக்ட்ரீஷியன் எர்த் பின்னை எடுத்துவிடலாம் என்கிறார்.

எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே ஒரு கோளாறு வந்தால் உங்களுக்கும் அதிர்ச்சிக்கும் நடுவே நிற்பது அந்தப் பின் ஒன்றுதான்.

சப்வூஃபரிலிருந்து ஆர்சிஏ கேபிளை (ரிசீவரிலிருந்து சிக்னல் கொண்டுவரும் வயர்) மட்டும் உருவுங்கள். இரைச்சல் தொடர்ந்தால் குறை பெட்டிக்குள் இருக்கிறது, கடைக்கு எடுத்துப் போங்கள். நின்றுவிட்டால் கேபிளைத் திரும்பச் செருகி, செட்-டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் டிவி வயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் இந்த இடத்திலேயே இரைச்சல் நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் அந்த வயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லாததால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உள்ளே நுழைகிறது. அந்த வயரின் நடுவே செருகி இந்த எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறிய ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கும். ரிசீவர், டிவி, சப்வூஃபர் மூன்றுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் கொடுங்கள். ஆர்சிஏ கேபிளையும் பவர் வயரையும் ஒன்றாகக் கட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச். எதில் வைப்பது?

நீங்கள் சோபாவில் உட்காருங்கள், இன்னொருவர் சுவிட்சை மாற்றட்டும். பேஸ் எதில் கூடுதலாகக் கேட்கிறதோ அதுவே சரி.

கேள்வி: அமைதியான காட்சிகளில் சப்வூஃபர் தானாக அணைந்துவிடுகிறது. திடீரென வெடி வந்தால் சில நொடி கழித்தே விழிக்கிறது.

பெட்டியின் வால்யூம் திருகை மிக அதிகமாக வைத்திருப்பீர்கள். ரிசீவர் அதை ஈடுகட்டத் தன் பக்கத்தில் சப்வூஃபர் அளவை -10, -12 டெசிபெல் என்று இறக்கியிருக்கும். கேபிளில் வரும் சிக்னல் அவ்வளவு மெலிந்தால், படம் முடிந்துவிட்டதாகப் பெட்டி நினைத்துக்கொள்கிறது. பெட்டியின் திருகைக் குறைத்து, ரிசீவரின் அளவை -3 பக்கம் ஏற்றுங்கள். காதுக்குக் கேட்பது அதே அளவுதான், ஆனால் பெட்டி விழித்திருக்கும்.

அளவு சரியா என்று பார்க்க வெடிச் சத்தம் உதவாது. செய்தி வாசிக்கும் ஓர் ஆணின் குரலைக் கேளுங்கள். அது பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்தால் குறையுங்கள். பிறகு ஒரு மிருதங்கத் தனி. தொப்பியில் விழும் ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: தானியங்கி அளவீட்டில் சப்வூஃபர் 14 அடி தூரம் என்று ரிசீவர் காட்டுகிறது. டேப் வைத்து அளந்தேன், 8 அடிதான். திருத்தலாமா?

வேண்டாம். பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்று ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அந்தத் தாமதத்தையும் சேர்த்தே ரிசீவர் தூரமாகச் சொல்கிறது.

கேள்வி: பழைய 5.1 செட்டின் சப்வூஃபர் இருக்கிறது, அட்டையில் 5000 வாட் என்று போட்டிருக்கிறது. புது ரிசீவரோடு சேர்க்கலாமா?

பின்னால் மின்சார வயர் இருக்கிறதா, வெறும் ஸ்பீக்கர் வயர் மட்டுமா என்று பாருங்கள். வெறும் ஸ்பீக்கர் வயர் என்றால் அதற்குள் ஆம்ப்ளிஃபயர் இல்லை. ரிசீவரின் சப் அவுட் துளையில் சிக்னல் மட்டுமே வரும், ஸ்பீக்கரை ஓட்டும் சக்தி வராது. தனியாக ஒரு மோனோ ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனையில் நேரடியாக மாட்டாதீர்கள். அந்தச் செட்களின் சப்வூஃபர் பல நேரம் 3, 4 ஓம்தான், ரிசீவர் சூடேறி அணைந்துவிடும்.

5000 என்பது விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய பிஎம்பிஓ கணக்கு, அதை மறந்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயர் உள்ளே இருக்கும் பெட்டி என்றால் பின்பக்கத் தகட்டில் எத்தனை வாட் மின்சாரம் எடுக்கும் என்று இருக்கும். 100 வாட் எடுக்கும் பெட்டி தொடர்ச்சியாக அதைவிட அதிகமாக வெளியே தர முடியாது. வாங்கும்போது ஆர்எம்எஸ் எண்ணையும் (தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்), எத்தனை ஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கும் என்பதையும் கேளுங்கள்.

கேள்வி: அடுக்குமாடியில் இரண்டாம் தளம். ஹாலில் ஏதோ அதிர்ந்து "ர்ர்ர்" என்கிறது, கீழ் வீட்டிலும் முணுமுணுப்பு. பெட்டிக்கு அடியில் ரப்பர் போட்டால் தீருமா?

இரண்டும் வேறு வேறு. அதிர்வுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஹெலிகாப்டர் காட்சி வரும்போதெல்லாம் என் வீட்டில் அந்த "ர்ர்ர்" வந்தது. கோன் கிழிந்துவிட்டதென்று இரண்டு வாரம் பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டு, அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துப் பார்த்தேன். ஆணியில் தொங்கிய தினசரிக் காலண்டர். அதன் தகரப் பட்டை சுவரில் மோதிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தியதும் ஒலி நின்றது. நீங்களும் அப்படித் தேடுங்கள். பீரோக் கதவு, ஷோகேஸ் கண்ணாடி, பூஜை மணி, அடுக்கி வைத்த எவர்சில்வர் தட்டுகள் எல்லாவற்றையும் சோதியுங்கள். பொருள் அகப்பட்டதும் பின்னால் ஒரு துண்டு ஃபெல்ட் ஒட்டினால் போதும்.

ரப்பர் விரிப்பு, பெட்டியிலிருந்து தரைக்கு நேராக இறங்கும் அதிர்வைக் கொஞ்சம் குறைக்கும். காற்று வழியாகப் போய்த் தளத்தையே அசைக்கும் ஒலியை அதனால் தடுக்க முடியாது. இரவில் பெரிய சத்தங்களை அடக்கும் ரிசீவரின் "நைட்" முறையைப் போட்டு, சப்வூஃபர் அளவை நான்கைந்து டெசிபெல் இறக்குங்கள். இதோடு இன்னொன்றும் செய்யலாம். ஒரு மாலை கீழ் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் ஹாலில் போய் நில்லுங்கள். மேலே உங்கள் பிள்ளைகள் யாராவது வால்யூமைச் சிறிது சிறிதாகக் கூட்டட்டும். அவர் "இது வரைக்கும் பரவாயில்லை" என்று சொல்லும் எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து ரிமோட்டின் பின்னால் ஒட்டிவையுங்கள்.