மூடின கேம் மூடினதுதானா? கேள்வி பதில்

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்பது வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போ கிருஷ்ணகிரியில இருந்து பழைய கேம்களுக்கு சர்வர், அதான் ஆடறவங்களை எல்லாம் ஒரே ஆட்டத்துல சேர்க்கற மெஷின், பார்த்துக்கறேன். கேளுங்க.

பாலக்கோடு: அண்ணா, கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 இன்னும் எப்படி ஓடுது?

சர்வர் நம்ம கையில இருக்கறதால தம்பி. 1999ல ஹாஃப் லைஃப்ங்கற கேமுக்கு மேல ஆட்டக்காரங்களே கட்டின மாட் (மாத்தி எழுதின கேம்) அது. அப்புறம்தான் வால்வ் கம்பெனி வாங்குச்சு. சர்வர் புரோகிராமையும் ஆடறவங்ககிட்டயே விட்டாங்க. எங்க சென்டர்ல எட்டு சிஸ்டம், ஓரத்து மெஷின்தான் சர்வர். இன்டர்நெட் போனாலும் ஆட்டம் நிக்காது.

ஆனா மெஷின் மட்டும் போதாது. பென்னாகரத்துல இருந்து ஒரு காலேஜ் பையன் வருவான். யாராவது புதுசா வந்து ரெண்டு ரவுண்டு செத்தா, தன் சீட்டை விட்டு எழுந்து போய் பின்னால நிப்பான். "இந்தக் கதவைத் தாண்டாதே, சத்தத்தைக் கேளு"ன்னு மெதுவாச் சொல்லுவான். அவன் வராத வாரம் பாதி நாற்காலி காலி.

காவேரிப்பட்டணம்: பப்ஜி மறுபடி வருமா?

2020 செப்டம்பர்ல தடை. 2021 ஜூலையில இந்தியாவுக்குன்னு பிஜிஎம்ஐங்கற பேர்ல வந்தாச்சு.

ஊத்தங்கரை: ஃப்ரீ ஃபயர் கேம்ல காசு கொடுத்து வாங்கற டைமண்டை ஃப்ரீயா தர்ற லிங்க் உண்டா?

கிடையாது. பாஸ்வேர்டு, ஓடிபி கேக்கற லிங்க் எதையும் தொடாதீங்க.

ஓசூர்: கம்பெனி மூடின கேமை ரசிகர்கள் ஓட்டறது திருட்டுதானே? நானும் சாஃப்ட்வேர் எழுதறவன்.

நியாயமான கேள்வி சார். சிட்டி ஆஃப் ஹீரோஸ்ங்கற ஆன்லைன் கேமை 2012 நவம்பர் 30ல என்சிசாஃப்ட் கம்பெனி மூடிட்டாங்க. சிலர் ரகசியமா ஓட்டிட்டிருந்தது 2019ல வெளிய வந்து, சர்வர் புரோகிராம் கோடு எல்லார் கைக்கும் போச்சு. ஹோம்கமிங்னு ஒரு குழு சர்வர் வெச்சு, கம்பெனிகிட்டயும் பேசினாங்க. 2024 ஜனவரியில உரிமமே கிடைச்சுது.

ஓசூர்: ஒண்ணு நடந்ததுன்னு எல்லாம் சரியாகிடுமா? வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கேமோட பழைய பதிப்பை ரசிகர்கள் ஓட்டின நோஸ்டால்ரியஸ் சர்வரை, 2016ல அந்த கேம் கம்பெனி ப்ளிசார்ட் மூட வெச்சாங்களே?

மூட வெச்சாங்க. சட்டம் அவங்க பக்கம்தான், அதுல நான் வாதாட மாட்டேன். ஆனா மூடினதும் லட்சக்கணக்குல கையெழுத்து சேர்ந்துச்சு, அந்தக் குழுவை ப்ளிசார்டே கூப்பிட்டுப் பேசினாங்க. 2019 ஆகஸ்ட்ல அந்தப் பழைய ஆட்டத்தை வார்கிராஃப்ட் கிளாசிக்னு ப்ளிசார்டே விட்டாங்க. பழைய ஆட்டத்துக்கு ஆள் இருக்குன்னு காட்டினது யாரு?

அரூர்: குறுக்க பேசறேன். ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்ல இந்தச் சண்டையே இல்லையே?

சரியாச் சொன்னீங்க. ஜேஜெக்ஸ் கம்பெனியே 2007 பேக்கப்பை எடுத்து, ஓட்டு நடத்தி, 2013ல திறந்தாங்க. புதுசா பெருசா எது சேர்த்தாலும் பெரும்பாலும் ஆட்டக்காரங்க ஓட்டுக்குப் போகும். எல்லாக் கம்பெனியும் இப்படிச் செய்யணும்னுதான் ஆசை. ஓசூர் சாருக்கு ஒண்ணு: ரசிகர் சர்வர்ல வாடகைக்கு மேல காசு வாங்கி துப்பாக்கி, டிரஸ் விக்கறாங்கன்னா அங்க நான் உங்க கட்சி.

மத்தூர்: டைமண்ட் ஹேக்...

மேல படிங்க. ஓடிபி கொடுக்காதீங்க.

பென்னாகரம்: பத்து பேர் இருக்கோம். பழைய கேம் ஒண்ணுக்கு சர்வர் வைக்க எங்க ஆரம்பிக்கறது?

முதல்ல நாள் குறிங்க. ஞாயிறு சாயங்காலம் ஆறு மணின்னா அஞ்சு பேர் வந்தாலும் நடத்துங்க. பழைய மெஷின் ஒண்ணு போதும். வாராவாரம் பேக்கப் எடுத்து ஒரு காப்பி வேற வீட்டுல வைங்க. அட்மின் பாஸ்வேர்டு ரெண்டு பேருக்குத் தெரியணும். அட்மின் ஒருத்தர் வேலைக்கு வெளியூர் போனதோட நின்ன சர்வரை நான் நிறையப் பார்த்துட்டேன். எந்த கேம்னு சொல்லுங்க, செட்டிங் எழுதி அனுப்பறேன்.