காலி கோட்டைக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: கொழும்புல ஒரு கல்யாணம், மறுநாள் ஃப்ரீ. அங்கேர்ந்து காலிங்கற ஊர்ல இருக்கற கோட்டைக்குப் போயிட்டு வரலாமா? – வாசகி, திருச்சி

பதில்: தாராளமா போலாம். காலையிலயே கொழும்பு கோட்டை ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறுங்க, வலது பக்க ஜன்னல் சீட்டு பிடிச்சிடுங்க, கடல் அந்தப் பக்கம்தான். கிட்டத்தட்ட மூணு மணி நேரம். இறங்கினா கிரிக்கெட் கிரவுண்டுக்குப் பின்னாடியே மதில் தெரியும், ஆட்டோவே வேணாம். எல்லாரும் மணிக்கூண்டு பக்கத்து பெரிய வாசல்லதான் நுழைவாங்க, அது வெள்ளைக்காரன் 1873ல வெட்டினது, நீங்க துறைமுகப் பக்கம் இருக்கற பழைய வாசலுக்குப் போங்க. வெளியில பிரிட்டிஷ் சின்னம், உள்ள போய் திரும்பிப் பார்த்தா டச்சு கம்பெனி சின்னம், ரெண்டு சிங்கம், அதுக்கு மேல ஒரு சேவல், 1669னு ரோமன் எண்ல வருஷம் வேற. போர்ச்சுகீஸ்காரன்கிட்டேர்ந்து டச்சுக்காரன் 1640ல புடுங்கினான், அவன்கிட்டேர்ந்து இங்கிலீஷ்காரன் 1796ல வாங்கிக்கிட்டான், அந்தக் கதையில பாதி இந்த ஒரு வாசல்லயே இருக்கு. மத்தியானம் மதில் மேல மட்டும் ஏறிடாதீங்க, நிழல்னு ஒண்ணு கிடையாது, அந்த நேரத்துக்கு 1755ல கட்டின டச்சு சர்ச், கடைத்தெருன்னு சுத்துங்க. நாலு மணிக்கு மேல லைட்ஹவுஸ்லேர்ந்து கொடிப்பாறை வரைக்கும் மதில் மேலயே நடங்க. அங்க பசங்க காசுக்கு கடல்ல குதிப்பாங்க, கீழ முழுக்க பாறை, வேடிக்கை பாக்கறதோட நிறுத்திக்கங்க.

கேள்வி: அங்க நீலக்கல் சீப்பா கிடைக்குமாமே, வாங்கலாமா? – வாசகர், மதுரை

பதில்: கல்லு பாக்கத் தெரியுமா உங்களுக்கு? தெரியாதுன்னா வேணாம், அவ்ளோதான். ஆசை விடலைன்னா சர்டிஃபிகேட் இல்லாம தொடாதீங்க, "இன்னிக்கு மட்டும் இந்த விலை"ன்னா எழுந்து வந்துடுங்க. சும்மா ஞாபகத்துக்குன்னா மூன்ஸ்டோன் போதும், பக்கத்து மீட்டியாகொடையில தோண்டி எடுக்கறது.

என்னைக் கேட்டா அந்தக் காசுக்கு பீரளுன்னு சொல்ற கையால பின்னின லேஸ் வாங்குங்க. உருளைத் தலையணை மேல பேட்டர்ன் பேப்பரை வச்சு குண்டூசியா குத்தியிருப்பாங்க, மரக்குச்சிகள்ல நூல் சுத்தி தொங்கும், ரெண்டு ரெண்டு குச்சியா மாத்தி மாத்திப் போட்டு பின்னுவாங்க, டக்டக்னு சத்தம் வந்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் நின்னு பாத்தா ஒரு இஞ்சுக்கு எவ்ளோ வேலைன்னு புரியும், அப்புறம் பேரம் பேச வாய் வராது. மெஷின் லேஸையும் கைவேலைன்னு தள்ளிவிடுவாங்க, அதனால பின்னிக்கிட்டு இருக்கறவங்ககிட்டயே நேரா வாங்குறது பெட்டர்.

மத்த கடைகள்ல பேரம் உண்டு. கோட்டைக்குள்ள வியாபாரம் பண்றவங்கள்ல நிறைய பேர் வீட்டுல தமிழ் பேசற முஸ்லிம்கள், "நானா, கொஞ்சம் கொறைங்க"ன்னு தமிழ்லயே ஆரம்பிக்கலாம் (நானான்னா அவங்க பேச்சுல அண்ணன்). வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்துல போய் நிக்காதீங்க. பழைய டச்சு சாமான்னு எதையாவது நீட்டினா, நெஜமாவே பழசுன்னா பர்மிட் இல்லாம நாட்டை விட்டு கொண்டுபோக முடியாது, டூப்ளிகேட்னா எதுக்கு வாங்கணும்?

கேள்வி: காலியில தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னு சொல்றாங்களே, எங்க? – வாசகர், கோவை

பதில்: கிடைச்சது காலியில, இருக்கறது கொழும்பு நேஷனல் மியூசியத்துல. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்த கல்லு, 1409ன்னு தேதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழியில. தமிழ்ப் பகுதியில தெனாவரை நாயனார்ங்கற சாமிக்கு சீன ராஜா குடுத்த பொன்னு, வெள்ளி, பட்டுன்னு கணக்கு வருது. 1911ல கண்டுபிடிக்கறப்போ சாக்கடைக்கு மூடியா கிடந்துச்சாம்! அதைத் தேடி கோட்டைக்குள்ள அலையாதீங்க, கொழும்புலயே ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பாத்துடுங்க.